ஷோக்கா கீது, ஆனா...

அன்புள்ள அக்காவுக்கு,

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். பெருங்குடியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் மூன்று வருடமாக வேலை. துணிக்கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்கிறோம். இந்த வருடம் அதன் தோற்றத்தை அடியோடு மாற்றினோம். வெள்ளைப் பின்னணி, மெல்லிய சாம்பல் எழுத்து, வளைந்த ஓரங்கள், நிறைய காலியிடம். ஆபீஸில் எல்லோரும் கைதட்டினார்கள். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் என் தாய்மாமா துணிக்கடை வைத்திருக்கிறார். பெருமையாகக் கொண்டுபோய் அவர் கம்ப்யூட்டரில் போட்டேன். இரண்டு நாள் பார்த்துவிட்டு, "ஷோக்கா கீதுடா, ஆனா வேலைக்கு ஆவல" என்று பழையதற்கே போய்விட்டார். மேனேஜரிடம் சொன்னால், "பார்த்தவுடனே பிடிச்சாத்தான் வாங்குவாங்க, உங்க மாமா பழைய ஆள்" என்கிறார். கம்ப்யூட்டரிலும் மென்பொருளிலும் எது பெரியது, அழகா, பயன்பாடா? நீங்கள் டிடிபி, அதாவது கம்ப்யூட்டரில் அச்சுப் பக்கம் அமைக்கும் வேலை பார்த்தவர் என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

தி.

அன்புள்ள தம்பி,

நான் உங்கள் மாமா கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போகக் கொஞ்சம் கட்சி மாறுவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

எம்.சி. ரோட்டில் நான் வழக்கமாகத் துணி எடுக்கும் கடை ஒன்று உண்டு. போன தீபாவளிக்கு முந்தின வாரம், ஜாக்கெட் பிட்டுக்காகக் காத்திருந்த நேரத்தில், கல்லாவை ஒட்டி உட்கார்ந்து கணக்குப் போடும் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். டேலி என்ற கணக்கு மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. இடது கை பில் கட்டைப் புரட்டுகிறது, வலது கை கீபோர்டில். விற்பனை என்றால் எஃப் 8, கொள்முதல் எஃப் 9, பணம் கொடுத்தால் எஃப் 5, வந்தால் எஃப் 6. கண் பில்லை விட்டு நகரவில்லை. கடைசியில் கூட்டுத்தொகை சரிதானா என்று பார்க்க மட்டும் திரையை ஏறிட்டுப் பார்க்கிறாள். நடுவில் கடைப் பையனிடம், "இந்தப் பூனம் சேலை எந்தக் கட்டுல வந்தது?" என்று கேட்கிறாள், கை நிற்கவில்லை. மவுஸும் இருந்தது. அதன்மேல் ரப்பர் பேண்டுகளைக் குவித்து வைத்திருந்தாள்.

டேலிக்காரர்கள் 2020-இல் 'டேலி பிரைம்' என்று முகத்தை மாற்றினார்கள். அந்த எஃப் விசைகளில் மட்டும் கை வைக்கவில்லை. விரலுக்குள் போய் உட்கார்ந்துவிட்ட ஒன்றைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதை 2012-இல் மைக்ரோசாஃப்ட் தெரிந்துகொண்டது. விண்டோஸ் 8-இல் ஸ்டார்ட் பட்டனை எடுத்துவிட்டு, கலர் கலராகக் கட்டங்களை வைத்தார்கள். அடுத்த வருடமே 8.1-இல் பட்டன் திரும்பி வந்தது.

உங்கள் மேனேஜர் மாமாவின் வயதைக் காரணம் சொல்கிறார். நீங்கள் வரிகளை எண்ணிப் பாருங்கள். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் கம்ப்யூட்டர் திரையில் குறுக்கே 80 எழுத்து, மேலிருந்து கீழே 25 வரி. ஒரு முழு பில் ஒரே பார்வையில் தெரியும். உங்கள் புதிய திரையில் நிறைய காலியிடம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு வாடிக்கையாளர் 18 உருப்படி எடுத்தால் மாமா எத்தனை முறை உருட்ட வேண்டும்? அப்புறம் அந்த மெல்லிய சாம்பல் எழுத்து. இணையப் பக்கங்களுக்கான அணுகல் விதிகளில், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்று இருக்கிறது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஏசி அறையில், புது மானிட்டரில் பார்த்தால் சாம்பல் நன்றாகத்தான் தெரியும். எம்.சி. ரோட்டில் மதியம் இரண்டு மணிக்குத் தெருவெளிச்சம் நேரே திரையில் அடிக்கும்.

உங்கள் மேனேஜர் சொன்னது பொய்யும் இல்லை. ஜப்பானில் ஹிட்டாச்சி நிறுவனத்தின் மசாக்கி குரோசு, கவோரி காஷிமுரா என்ற இருவர் 1995-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏடிஎம் திரையின் பட்டன்களை 26 விதமாக அடுக்கி 252 பேரிடம் காட்டி, எது அழகு, எது சுலபம் என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். எது அழகாகப் பட்டதோ அதுவே சுலபமாகவும் பட்டது. உண்மையிலேயே சுலபமாக அடுக்கியிருந்தார்களா என்பதற்கு அவ்வளவு செல்வாக்கு இல்லை. நோவாம் டிராக்டின்ஸ்கி என்பவர் இஸ்ரேலில் இதைத் திரும்பச் செய்து பார்த்தார். தம் நாட்டு ஆட்கள் அழகுக்கு இவ்வளவு இளக மாட்டார்கள் என்பது அவர் எதிர்பார்ப்பு. அங்கே இன்னும் அதிகமாக இளகினார்கள்.

ஆக, பார்த்தவுடனே பிடித்தால்தான் வாங்குவார்கள் என்பது சரி. ஆனால் அந்த 252 பேரும் பார்த்து மார்க் போட்டவர்கள். யாரும் அதன்முன் உட்கார்ந்து காலை பத்து மணியிலிருந்து இரவு ஒன்பது வரை பில் போடவில்லை. உங்கள் மாமா இரண்டு நாள் போட்டுப் பார்த்திருக்கிறார்.

வேலைக்கு உதவும் அழகும் உதவாத அழகும் ஒரே பெட்டியில் இருந்ததை நான் கையால் தொட்டே பார்த்திருக்கிறேன். 1998-இல் ஆப்பிள் ஐமேக் வந்தது. எங்கள் பிரஸ்ஸுக்கு வேலை கொடுத்த ஒரு விளம்பரக் கம்பெனியில் அது இருந்தது. நீலமாக, உள்ளே இருப்பது நிழலாகத் தெரியும்படி, தலையில் ஒரு கைப்பிடியோடு. அதுவரை கம்ப்யூட்டர் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற சாமி. அந்தக் கைப்பிடியைப் பார்த்ததும், தூக்கு வாளி மாதிரி தூக்கிக்கொண்டு போய்விடலாம் போல இருந்தது. பயம் போய்விட்டது. அந்தக் கைப்பிடியை நான் வெறும் அலங்காரம் என்று சொல்ல மாட்டேன். அதே பெட்டியோடு வந்த மவுஸ் அதிரசம் மாதிரி வட்டம். கைக்குள் எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்று தெரியாது. வயரைத் தடவித் தடவித் திருப்ப வேண்டும். வலப்பக்கம் இழுத்தால் அம்புக்குறி கோணலாக மேலே போகும். 2000-இல் அவர்களே அதைக் கைவிட்டு நீள மவுஸுக்கு மாறினார்கள். இரண்டையும் செய்தது ஒரே கம்பெனி. இரண்டுமே பார்க்க அழகு.

காசிமேட்டில் விசைப்படகில் போகும் உறவுக்காரர் ஒருவர் எனக்கு உண்டு. அவருடைய ஜிபிஎஸ் பெட்டியைப் பார்த்தால் உங்கள் ஆபீஸில் சிரிப்பார்கள். தடித்த ரப்பர் பட்டன்கள், மங்கிய திரை, ஓரத்தில் செதில் காய்ந்து ஒட்டியிருக்கும். மகன் வாங்கிக் கொடுத்த டச் போன் பிளாஸ்டிக் உறைக்குள் கரை திரும்பும்வரை தூங்கும். காரணம் கைதான். தொடுதிரை, விரல் மின்சாரத்தைக் கடத்துவதை வைத்துத்தான் தொட்ட இடத்தைக் கண்டுபிடிக்கிறது. உப்புத் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும். சொட்டச் சொட்ட நனைந்த கையோடு தொட்டால் எது விரல், எது தண்ணீர் என்று திரைக்குக் குழப்பம். ரப்பர் பட்டனுக்கு அந்தக் கவலை இல்லை. அலை தூக்கிப் போடும்போது கண்ணை எடுக்காமல் கட்டைவிரலாலேயே தேடி அமுக்கலாம்.

இது மீன்பிடிப் படகோடு நிற்கிற விஷயம் இல்லை. 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே ஜான் எஸ். மெக்கெயின் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதியது. 10 மாலுமிகள் இறந்தார்கள். பயிற்சிக் குறையோடு, கப்பலைச் செலுத்தும் தொடுதிரை ஏற்பாட்டில் இருந்த குழப்பத்தையும் விசாரணையில் சுட்டினார்கள். எந்த மேசையிலிருந்து யார் திருப்புகிறார்கள் என்பதே மாலுமிகளுக்குப் புரியாமல் போயிருந்தது. 2019-இல் கடற்படை, என்ஜின் வேகத்துக்குத் திரையை விட்டுவிட்டுப் பழையபடி கையால் தள்ளும் பிடிகளைப் பொருத்தப்போவதாக அறிவித்தது.

இங்கே நிறுத்தினால் மாமா ஜெயித்துவிடுவார். நான் கட்சி மாறும் இடம் இதுதான்.

உங்கள் மென்பொருளில் தமிழ் இருக்கிறதா? இருந்தால் ஒரு பட்டனைப் பெரிதாக்கிப் பாருங்கள். நம் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் இடம் வேண்டும். ஆங்கில எழுத்துக்கு அளந்த உயரத்தில் தமிழை அடைத்தால் 'ழு'வின் கீழ்ச்சுழி அறுபட்டு 'ழ' மாதிரி நிற்கும். மேலே புள்ளி வெட்டுப்பட்டால் 'க்' என்பது 'க' ஆகிவிடும். போதாததற்கு நம் சொற்கள் நீளம். பட்டனுக்குள் பாதிச் சொல் நிற்கும், மீதிக்கு மூன்று புள்ளி வரும். நான் போன வாரம் பணம் கட்டப் போன ஓர் இடத்தின் இயந்திரத்தில் 'உறு...' என்று ஒரு பட்டன் இருந்தது. உறுதி செய்யச் சொல்கிறதா, உறுப்பினரா என்று கேட்கிறதா? எனக்குப் பின்னால் நின்றவர் அவசரப்பட்டார், அமுக்கிவிட்டேன். இதைச் சரிசெய்பவர் எழுத்தின் அழகு தெரிந்தவராகத்தான் இருக்க முடியும். வரிக்கு நடுவே எவ்வளவு இடம் விட்டால் கண் தடுக்காது என்று தெரிந்தவர். அழகு வேண்டாம், வேலை நடந்தால் போதும் என்பவரிடம் கொடுத்ததால் வந்த வினைதான் அந்த 'உறு...'.

என் அப்பா மின்ட் தெருவில் ஓர் அச்சகத்தில் கம்போசிட்டர், ஈய எழுத்துகளைப் பொறுக்கி அடுக்குபவர். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. பெரியார் 1935-லேயே 'குடி அரசு' இதழில் புழங்க விட்ட எழுத்துகள்தான். ணா, றா, னா, ணை, லை, ளை, னை என்று மொத்தம் 13 எழுத்து உரு மாறியது. பழைய 'லை'க்கு முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு இருக்கும். அப்பாவுக்கு அதன்மேல் ஆசை. நல்ல அச்சில் விழுந்தால் அந்த வளைவு மட்டும் மை மினுங்கும் என்பார். ஆனால் அந்தத் தனி எழுத்துகளுக்காக கேஸில், அதாவது எழுத்துப் பெட்டியில், தனி அறைகள், அங்கே வரைக்கும் கை போய்த் திரும்ப வேண்டும், ஒரு நாளில் எத்தனையோ தடவை. ஆணை வந்த பிறகு ஒருநாள் ராத்திரி தோளை அமுக்கிக்கொண்டே சொன்னார்: "அது போனது போனதுதான் கண்ணு, அழகான எழுத்து. ஆனா கைக்கு நடை மிச்சம்." எனக்கு இன்றைக்கும் அந்தப் பேச்சு பிடிக்கும். எது போகிறது என்று அவருக்குத் தெரியும். அதற்கு விலை கொடுத்தது அவருடைய தோள்பட்டை. விட்டுக்கொடுக்க அவருக்கு உரிமை இருந்தது.

அவருக்காக இன்னொருவர் விட்டுக்கொடுப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. வடசென்னைக்காரியான எனக்கு 'பயன்பாடு போதும்' என்ற பேச்சு தொண்டையில் முள். துறைமுகம் இங்கே, வடசென்னை அனல்மின் நிலையம் இங்கே, மணலி எண்ணெய் ஆலை இங்கே, கொடுங்கையூர் குப்பைமேடும் இங்கே. ஊருக்குப் பயன்படுவதையெல்லாம் வடக்கே வைத்துவிட்டு, கண்ணுக்குக் குளிர்ச்சியானதை வேறு பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். இந்தப் பக்கத்து ஆளுக்குச் செய்யும் ஆப் என்றால், கவர்ன்மென்ட் ஃபாரம் மாதிரி இருந்தால் போதும் என்று ஒரு நினைப்பு. காசிமேட்டுக்குப் போய் ஃபைபர் படகுகளைப் பாருங்கள். மீன் பிடிக்க அந்தப் பெயின்ட் எதற்கு? நம் தெருவில் கேரம் போர்டை மாவு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கும் பையனிடம் போய், இது அழகுக்கா, ஆட்டத்துக்கா என்று கேளுங்கள். உங்களை ஒரு மாதிரி பார்ப்பான்.

மாமாவும் "ஷோக்கா கீது" என்று முதலில் சொல்லியிருக்கிறார், கவனித்தீர்களா? அதை மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கு அது உண்மையிலேயே பிடித்திருக்கும்.

மேனேஜரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். புதிய நிறங்கள் இருக்கட்டும். எழுத்தை மட்டும் கறுப்பாக்குங்கள். பழைய விசைகளைப் பழைய இடத்தில் வையுங்கள், வரிகளை நெருக்குங்கள். ஆடித் தள்ளுபடி சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா கடையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காருங்கள். சொல்லிக் கொடுக்கக் கூடாது, வாயே திறக்கக் கூடாது. அவர் எங்கே நிற்கிறார், எப்போது திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்குகிறார், கை எப்போது தானாக எஃப் 8-ஐத் தேடுகிறது என்று ஒரு பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மேனேஜரையும் கூட்டிப்போக முடிந்தால் நல்லது. கூட்டத்தில் அவருக்கு நிற்க இடம் கிடைக்காது, அது வேறு.

கடை எம்.சி. ரோட்டில் எந்தப் பக்கம் என்று எழுதவில்லையே? எனக்கும் தலையணை உறைக்குத் துணி எடுக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா