குடிமகன் கையெழுத்து

கேள்வி: தன் தீர்ப்பில் தப்பு இருப்பதாகப் பத்திரிகையில் எழுதிய வக்கீலைச் சிறையில் போட்ட அமெரிக்க நீதிபதி ஒருவர் இருந்தாராமே? அவர் பதவி என்ன ஆயிற்று?
– ஒரு குடிமகன், கும்பகோணம்

பதில்: முதலில் உங்கள் கையெழுத்துக்கு வருகிறேன். ‘ஒரு குடிமகன்’! அந்தப் பட்டத்துக்கு உங்கள் ஊரில் எத்தனை பேர் போட்டி என்பது சாயங்காலம் கடைவீதிப் பக்கம் போனால் தெரியும். மொட்டைக் கடுதாசிக்குப் பதில் கிடையாது என்று இந்தப் பக்கத்தில் தொண்டை வற்றச் சொல்லியாயிற்று. இந்த ஒரு தடவை விட்டுவிடுகிறேன். நீங்கள் கேட்கும் கதையில் அந்த வக்கீல் போட்டுக்கொண்ட கையெழுத்தும் இதேதான்.

வக்கீலின் பெயர் லூக் லாலெஸ். சட்டம் இல்லாதவர் என்று அர்த்தம், பிழைப்பு சட்டம். டப்ளின்காரர், நெப்போலியன் படையில் இருந்துவிட்டு மிசௌரிக்கு வந்தவர். நீதிபதி ஜேம்ஸ் பெக், 1822-இல் அந்த மாநிலத்துக்கு வந்த முதல் ஃபெடரல் நீதிபதி, அதாவது மத்திய அரசின் நீதிபதி. வழக்கு, வேறென்ன, பட்டாத் தகராறு. ஸ்பெயின்காரர் ஆண்ட காலத்தில் சர்வேயராக இருந்த சூலார் என்பவருக்குக் கொடுத்ததாகச் சொன்ன நிலம், ஏறக்குறைய 8,500 ஏக்கர். வாரிசுகளின் கோரிக்கை செல்லாது என்றார் பெக். அதோடு விடாமல் தீர்ப்பைப் பத்திரிகையிலும் போட்டார். லாலெஸ் 1826 ஏப்ரலில் இன்னொரு பத்திரிகையில், தீர்ப்பில் 18 பிழைகள் என்று எண் போட்டு அடுக்கினார். பெக் அந்தப் பத்திரிகை ஆசிரியரைக் கூண்டுக்கு அழைத்தார். எழுதியவர் பெயர் வெளியே வந்தது. லாலெஸுக்கு 24 மணி நேரச் சிறை, பதினெட்டு மாதம் அந்தக் கோர்ட்டில் வாதாடத் தடை. பிழைக்கு ஒரு மாதம்!

எனக்கும் ஒரு லாலெஸ் உண்டு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பெயர் வேண்டாம். ஒவ்வொரு இதழுக்கும் தபால் கார்டு வரும்: எங்கே வல்லினம் மிகவில்லை, எங்கே வேண்டாத இடத்தில் மிகுந்திருக்கிறது. போன மாதம் 23. பெக்குக்கு இருந்த அதிகாரம் எனக்கு இருந்திருந்தால் அவர் இருபத்து மூன்று மாதம் கார்டு வாங்க முடியாது. அவர் சொல்வதில் பாதி சரி. எரிச்சல் அங்கேதான்.

இன்னொன்று. பெக்குக்குக் கண்ணில் கோளாறு. பெரிய வெள்ளைத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் ஆசனத்தில் உட்கார்வார். காகிதங்களை யாராவது படித்துக் காட்ட வேண்டும். நீதிதேவதைக்கு இவ்வளவு விசுவாசமாக இருந்த நீதிபதி வேறு யாரும் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பதினெட்டையும் படித்துக் காட்டியவர் எந்தக் குரலில் படித்தாரோ!

லாலெஸ் விடவில்லை. வாஷிங்டனுக்கு மனு மேல் மனு. பின்னால் ஜனாதிபதியான புக்கானன்தான் அப்போது வழக்கைக் கையில் எடுத்தார். 1830-இல் கீழ்ச்சபை 123-க்கு 49 என்று பெக் மீது குற்றம் சாட்டியது. 1831 ஜனவரியில் செனட், குற்றவாளி என்று 21, இல்லை என்று 22. ‘ஒரே ஓட்டில் தப்பினார்’ என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பதவியைப் பறிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் ஐயா. சௌகரியமாகவே தப்பினார். ஆனால் அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. கோர்ட்டுக்குள்ளோ, அதன் பக்கத்திலோ கலாட்டா செய்வது, கோர்ட் உத்தரவை மீறுவது மாதிரியானவைதான் அவமதிப்பு. பத்திரிகையில் எழுதியதற்காக ஃபெடரல் நீதிபதி ஆளைப் பிடித்து உள்ளே போட முடியாதபடி செய்வதுதான் நோக்கம்.

பெக் பதவியில் இருந்தபடியே 1836 ஏப்ரலில் காலமானார். உங்கள் கேள்விக்குப் பதில் இந்த ஒரு வரிதான்.

அதே ஏப்ரலில் மிசௌரியின் செயின்ட் லூயிஸ் நகரில் மெக்கின்டாஷ் என்ற கறுப்பினப் படகுத் தொழிலாளி, தன்னைப் பிடித்துச்சென்ற அதிகாரி ஒருவரைக் குத்திக் கொன்றார். கூட்டம் அவரை மரத்தில் சங்கிலியால் கட்டி உயிரோடு எரித்தது. விசாரணை ஜூரிகளிடம் அங்கிருந்த நீதிபதி சொன்னார்: ஆயிரக்கணக்கானோர் வெறியில் சேர்ந்து செய்தது இது, சட்டத்தின் எல்லைக்குள் வராது. சொல்லிவிட்டு, லவ்ஜாய் என்பவர் நடத்திய அடிமைமுறை எதிர்ப்புப் பத்திரிகைதான் ஆட்களைத் தூண்டுகிறது என்று அதன்மேல் பாய்ந்தார். கொஞ்ச நாளில் அந்தப் பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். லவ்ஜாய் ஆற்றைத் தாண்டி ஆல்ட்டனுக்குப் போனார். 1837 நவம்பரில் அங்கே புது அச்சு இயந்திரத்தைக் காக்க நின்றவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

ஜூரிகளிடம் அப்படிச் சொன்ன நீதிபதியின் பெயர் லூக் லாலெஸ்.