கொடைக்குத் தெரு முழுக்கக் குழாய், வீட்டில் நாலு ஸ்பீக்கருக்கே ஆம்ப் அணைகிறதே?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் பழைய நீள வீடு. பட்டாசலில் (நடுக்கூடத்தில்) ஸ்டீரியோ ஆம்ப்பும் 6 ஓம் ஸ்பீக்கர் ஜோடியும் இருக்கின்றன. ஆம்ப்பின் பின்னால் 4–16 ஓம் என்று போட்டிருக்கிறது. தார்சாவுக்கு (முன்கூடத்துக்கு) ஒரு 8 ஓம் ஜோடியை அதே முனைகளில் சேர்த்தேன். சத்தம் கூட்டி வைத்தால் கொஞ்ச நேரத்தில் ஆம்ப் சூடாகி அணைந்துவிடுகிறது. மச்சுக்கும் ஒரு 8 ஓம் ஜோடி வேண்டும். கோயில் கொடைக்கு மைக் செட்காரர் ஒரே ஆம்ப்பில் தெரு முழுக்கக் குழாய் கட்டுகிறாரே, அது எப்படி?

பதில்: மைக் செட் அண்ணாச்சி ஓட்டுவது பெரும்பாலும் 100 வோல்ட் லைன். குழாய்க்குக் குழாய் ஒரு லைன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும்; குழாயின் ஓமை ஆம்ப்புக்குப் பல மடங்காகக் காட்டுவது அதுதான். 15 வாட்டில் வைத்த குழாய் ஆம்ப்புக்குச் சுமார் 667 ஓமாகத் தெரியும்; பத்துக் குழாய் கட்டினாலும் 67 ஓம்தான். எல்லாக் குழாயின் வாட்டையும் கூட்டிப் பார்த்து, மொத்தம் ஆம்ப்பின் வாட்டுக்குள் அடங்கினால் அவர் வேலை முடிந்தது. வீட்டு ஸ்பீக்கரில் அந்த டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது.

உங்கள் கணக்கு வேறு. 6 ஓமும் 8 ஓமும் ஒரே முனைகளில் இணையாகச் சேர்ந்தால் 48-ஐ 14-ஆல் வகுக்க வேண்டும்: 3.4 ஓம். அதாவது இப்போதே ஆம்ப்பின் 4 ஓம் எல்லைக்குக் கீழே போய்விட்டீர்கள். மச்சையும் சேர்த்தால் 2.4. ஓம் குறையக் குறையக் கரண்ட் ஏறும், அவுட்புட் டிரான்சிஸ்டர் கொதிக்கும். அணைந்துவிடுகிற ஆம்ப் நல்ல ஆம்ப்; பாதுகாப்பு இல்லாததாக இருந்தால் டிரான்சிஸ்டர் ஷார்ட்டாகி, டி.சி. கரண்ட் ஸ்பீக்கருக்குள் போய்ச் சுருளையும் கருக்கியிருக்கும்.

ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்தால் 14 ஓம், ஆம்ப்புக்கு ஆபத்தில்லை. ஆனால் சத்தம் குறையும். இரண்டும் வேறு வேறு ஸ்பீக்கர் என்பதால் பாஸ் ஒன்றில் வீங்கி ஒன்றில் வற்றும். பாட்டு கேட்கிற வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

பட்டாசல் ஜோடியை இந்த ஆம்ப்பிலேயே விடுங்கள். தார்சாவுக்கும் மச்சுக்கும் சேர்த்து 4 ஓம் தாங்கும் சின்ன ஆம்ப் ஒன்று வாங்குங்கள். இரண்டு 8 ஓம் இணைந்தால் சரியாக 4. பழைய ஆம்ப்பின் டேப் அவுட்டிலிருந்து (டேப் ரெக்கார்டருக்குச் சிக்னல் தரும் முனை) அதற்குச் சிக்னல் கொடுக்கலாம். அப்போது இரண்டுக்கும் சத்தத்தைத் தனித்தனியாகத்தான் திருக வேண்டும், மதியம் தார்சாவில் படுத்திருப்பவருக்கு அதுவே வசதி. இரண்டு ஸ்பீக்கர் ஜோடியைச் சேர்த்து ஓட்டும் ஏ+பி சுவிட்ச் உள்ள ஆம்ப் வாங்கலாமே என்று கடையில் சொல்வார்கள். அதுவும் பல மாடல்களில் உள்ளே இணையாகத்தான் சேர்க்கிறது.

மச்சுக்குப் போகும் வயர் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பாக இருக்கட்டும். நுனியைச் சீவியதும் இழைகளை முறுக்கிவிடுங்கள். முடி போன்ற ஒரே ஒரு இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் ஷார்ட்தான். இடது, வலது மைனஸ்களை ஒன்றாகக் கட்டி வயரை மிச்சம் பிடிக்க வேண்டாம், சில ஆம்ப்கள் அதிலேயே போய்விடும். ஆன் செய்யும் முன் ஆம்ப் பக்கத்து வயரைக் கழற்றி மல்டிமீட்டர் வையுங்கள். தனி 8 ஓம் ஸ்பீக்கர் 6, 7 என்று காட்டும், அது சரிதான். இரண்டு இணைந்த இடத்தில் 3-ஐ ஒட்டி வரும். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் வயரைத் தேடுங்கள்.