அழைப்பு வந்துவிட்டது, இனி யார் யாரைத் தெரிவு செய்வது?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகளுக்கு அமெரிக்காவில் கலாநிதிப் (பிஎச்.டி.) படிப்புக்கு நேர்முக அழைப்பு வந்திருக்கிறது, இரண்டு நாள் நிகழ்ச்சி, நாலு பேராசிரியர்மார் தனித்தனியாகக் கதைப்பார்களாம், பிறகு அங்கே படிக்கிற மாணவர்களோடும் ஒரு மணித்தியாலம் இருக்கிறதாம். "ஒரு இடத்துக்கு எத்தனை சோதினை?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், வாற சனிக்கிழமை யாழ்ப்பாணத்து ஹோட்டல் ஒன்றில் நடக்கிற வெளிநாட்டுக் கல்விக் கண்காட்சிக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போகட்டோ என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டதில் பிழையில்லை. இங்கே எல்லாவற்றுக்கும் "இன்டர்வியூ" என்றுதான் பெயர். ஆனால் ஒவ்வொன்றிலும் தெரிவு செய்கிறவர் வேறு. அது விளங்கினால் உங்கள் பயத்தில் பாதி போய்விடும்.

உயிரியல், மருத்துவ உயிரியல் துறைகளில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் முடிவெடுக்க முன்னர்தான் நேர்முகத்துக்குக் கூப்பிடும். டிசம்பரில் விண்ணப்பம் முடியும், ஜனவரி, பெப்ரவரியில் நேர்முகம் நடக்கும். அங்கே அவர்களும் தெரிவு செய்கிறார்கள், பிள்ளையும் தெரிவு செய்கிறாள். இரசாயனவியல், பௌதிகவியல், கணினி விஞ்ஞானம் போன்றவற்றில் அனேகமாக முதலில் இடம் தந்துவிட்டுத்தான் "வந்து பாருங்கள்" என்று அழைப்பார்கள். அப்போது தெரிவு முழுக்கப் பிள்ளையின் கையில். பல்கலைக்கழகம்தான் தன்னை அழகாகக் காட்டப் பார்க்கும். உங்கள் மகள் நுண்ணுயிரியல் என்றபடியால் முதலாவது வகைதான். ஆனாலும் அந்த மின்னஞ்சலை இன்னொருக்கா வாசிக்கச் சொல்லுங்கள். அனுமதி தந்துவிட்டோம் என்ற வசனம் உள்ளே இருக்கிறதா இல்லையா என்று பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.

அழைப்பு வந்ததே பெரிய விஷயம். வந்து குவிகிற விண்ணப்பங்களில் ஒரு சிறு பங்கைத்தான் கூப்பிடுவார்கள். புள்ளிகளும் பரிந்துரைக் கடிதங்களும் அந்தக் கட்டத்தில் பார்த்து முடிந்தவை. ஆகவே நீங்கள் பயப்படுகிற மாதிரி, முதலாம் ஆண்டுப் பாடத்திலிருந்து தோண்டித் தோண்டிக் கேட்கிற வாய்மொழிச் சோதினை அல்ல இது. அரை மணித்தியாலம், ஒரு பேராசிரியர், அவளுடைய ஆய்வைப் பற்றி ஒரு கதை. நாலு பேரும் தனித்தனியாகத் தங்கள் அபிப்பிராயத்தை எழுதிக் கொடுப்பார்கள், பிறகு அனுமதிக் குழு கூடி முடிவெடுக்கும். ஒருவரோடு சரிவராவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அடுத்த அழைப்பில் வாடிப்போய் இருக்கத் தேவையில்லை.

நம் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்றால், "உங்கள் ஆய்வைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற முதல் கேள்வியிலேயே. மகளின் இறுதியாண்டு ஆய்வு வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று பற்றியது என்று எழுதியிருக்கிறீர்கள். அருமையான தலைப்பு. ஆனால் கம்பஸில் பழகின மாதிரிச் சொன்னால் இப்படித்தான் வரும்: "யாழ் குடாநாடு சுண்ணாம்புக்கல்லாலானது, வற்றாத ஆறு இல்லை, நிலத்தடி நீரே ஆதாரம், உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம், சேர் இந்தத் தலைப்பைத் தந்தார், நாங்கள் மாதிரி எடுத்தோம், கூடுதலாக இருந்தது." எல்லாம் உண்மைதான். ஆனால் இதற்குள் அவள் எங்கே இருக்கிறாள்?

பேராசிரியர் கேட்கப் போவது இப்படி இருக்கும்: ஏன் அந்தக் கிணறுகள்? ஒரு கிணற்றில் எத்தனை தரம் எடுத்தாய்? மாரி மழைக்குப் பிறகு சில கிணறுகளில் அளவு ஏறியும் சிலவற்றில் இறங்கியும் இருந்தால், அதை எப்படி விளங்கிக்கொள்வாய்? இதற்கு மனப்பாடமான ஒரே விடை கிடையாது. மழை உரத்தைக் கரைத்துக் கீழே இறக்கவும் செய்யும், கிணற்று நீரை ஐதாக்கவும் செய்யும். பக்கத்து மலசலகூடக் குழியிலிருந்தும் நைத்திரேற்று வரலாம். வெங்காயத் தோட்டத்துக் கிணற்றையும் வீட்டுக் கிணற்றையும் பிரித்துப் பார்த்தேனா, பார்க்கவில்லை என்றால் இப்போது எப்படிப் பார்ப்பேன் என்று அவள் சத்தமாக யோசித்தால் போதும். "அதை நான் அளக்கவில்லை, அளந்திருந்தால் இதைத்தான் முதலில் பார்த்திருப்பேன்" என்ற ஒரு வசனம், பிழையான விடையை நம்பிக்கையோடு சொல்வதைவிட எவ்வளவோ மேல். பேசாமல் தலைகுனிந்து இருப்பதுதான் ஆகக் கூடாதது. இங்கே அது மரியாதை. அங்கே திரைக்கு அப்பால் இருப்பவருக்கு அது "தெரியவில்லை" என்றுதான் படும்.

"நாங்கள்" என்பதையும் குறைக்கச் சொல்லுங்கள். மாதிரி எடுத்தது யார், ஆய்வுகூடத்தில் அளந்தது யார், கணக்குப் போட்டது யார்? அவள் செய்ததை "நான் செய்தேன்" என்பது பெருமையடிப்பு அல்ல. செய்யாததைத் தன்னுடையது என்று சொல்வதுதான் ஆபத்து, அடுத்த கேள்வியில் பிடிபட்டுவிடும்.

இரண்டு நிமிடத்தில் ஒரு தரம், ஐந்து நிமிடத்தில் ஒரு தரம் சொல்லிப் பழகட்டும், ஆங்கிலத்தில், வாய்விட்டு. உயிரியலே படிக்காத ஒரு சிநேகிதிக்கு முன்னால் என்றால் இன்னும் நல்லது. பதிலை எழுதிப் பாடமாக்க வேண்டாம். பாடமாக்கியது கேட்ட உடனே தெரியும்.

பேராசிரியர் முடிக்கும்போது "என்னிடம் ஏதும் கேட்க இருக்கிறதா?" என்று கட்டாயம் கேட்பார். "இல்லை, நன்றி" என்று சொல்லிவிடக் கூடாது. இந்த மாதிரித் திட்டங்களில் முதல் வருடம் இரண்டு மூன்று ஆய்வுகூடங்களில் மாறி மாறி வேலை செய்து பார்த்துவிட்டுத்தான் மேற்பார்வையாளரைத் தெரிவு செய்வது வழக்கம். ஆகவே, வரும் வருடம் புதிதாக மாணவரை எடுக்கிறீர்களா, அதற்குப் பணம் இருக்கிறதா, புது மாணவருக்கு முதலில் என்ன வேலை கொடுப்பீர்கள் என்று கேட்கலாம். ஒவ்வொரு பேராசிரியரின் அண்மைய ஆய்வுக் கட்டுரை ஒன்றையாவது புரட்டிவிட்டுப் போகட்டும். முழுக்க விளங்க வேண்டியதில்லை, ஒரு நல்ல கேள்வி எழுந்தால் காணும்.

மாணவர்களோடு இருக்கிற அந்த ஒரு மணித்தியாலத்தைத்தான் நீங்கள் பொழுதுபோக்கு என்று நினைத்துவிட்டீர்கள். எனக்கென்றால் முழு நிகழ்ச்சியிலும் பெறுமதியானது அதுதான். அந்தப் பிள்ளைகள் அங்கே ஐந்து ஆறு வருடம் இருந்து அனுபவிக்கிறவர்கள். கொடுக்கிற உதவித்தொகை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் காணுமா? கோடை மாதங்களிலும் தருவார்களா? பேராசிரியர் கோபக்காரரா என்று நேரே கேட்க முடியாது. ஆனால் "உங்கள் மேற்பார்வையாளரோடு கடைசியாகக் கருத்து வேறுபாடு வந்தது எப்போது, எப்படித் தீர்ந்தது?" என்று கேட்கலாம். பதிலைவிட, பதிலுக்கு முன்னால் அவர்கள் எவ்வளவு நேரம் யோசிக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். தூர நாட்டிலிருந்து வந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்து, அவரோடு தனியாக மின்னஞ்சலில் கதைக்கலாம். ஒரு விஷயம்: மாணவர்களின் அபிப்பிராயத்தையும் பல இடங்களில் குழு கேட்கும். சிநேகிதமாகக் கதைக்கட்டும், ஆனால் மற்றப் பல்கலைக்கழகத்தைக் குறை சொல்வது, அரட்டை எல்லாம் வேண்டாம்.

கலியாணம் பற்றிக் கேட்பார்களா என்றும் எழுதியிருந்தீர்கள். கேட்கக்கூடாத கேள்வி அது, அங்கே. யாராவது பேச்சுவாக்கில் கேட்டாலும் "என் திட்டம் படிப்பை முடிப்பது" என்று சிரித்துவிட்டு ஆய்வுக்குத் திரும்பிவிடலாம்.

இனி நேரம். பொதுவாக வெளிநாட்டு விண்ணப்பதாரிகளைக் காணொளியில்தான் நேர்காண்கிறார்கள். விமானச் செலவு கொடுத்துக் கூப்பிடுவது அமெரிக்காவுக்குள் இருப்பவர்களைத்தான். அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 10 மணி என்றால் இங்கே இரவு 8.30. மேற்குக் கரை என்றால் இரவு 11.30. மார்ச் இரண்டாம் ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார்கள், அதற்குப் பிறகு இங்கே ஒரு மணித்தியாலம் முந்திவிடும். இந்தக் கணக்கைப் பிழைவிட்டு அழைப்பைத் தவறவிட்ட பிள்ளைகள் உண்டு. நேர அட்டவணையை எங்கள் நேரத்தில் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டட்டும்.

இந்தக் காலம் தைப்பொங்கலோடும் சிவராத்திரியோடும் முட்டும். உங்கள் வீடு கோயில் வீதியில் என்றால் ஒலிபெருக்கி விடிய விடியப் போகும், கேட்டுப் பாருங்கள். அப்படியான இரவு என்றால் கோயிலுக்குத் தள்ளி இருக்கிற ஒரு சித்தி வீட்டுக்கோ சிநேகிதி வீட்டுக்கோ போய் இருந்து செய்யலாம். மின்வெட்டுக்கு ரவுட்டருக்கு மேலதிக மின்கலம் ஒன்று, அதுவும் போனால் கைத்தொலைபேசியின் டேட்டா. அழைப்பு அறுந்தால் என்ன செய்வது என்று, நேர்முகத்தை ஒழுங்குபடுத்துகிற ஒருங்கிணைப்பாளருக்கு முதல் நாளே ஒரு வரி எழுதிக் கேட்கலாம், அதைக் குறையாக எடுக்க மாட்டார்கள். நேரம் மிகவும் பிந்தி இருந்தாலும் அவரிடம்தான் மாற்றிக் கேட்க வேண்டும். நீங்கள் கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டாம், அம்மா. தேத்தண்ணி கொண்டுபோய் வைக்கவும் வேண்டாம். முடிந்த பிறகு கொடுங்கள்.

முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று வரியில் நன்றி மின்னஞ்சல், அவர்களோடு கதைத்த ஒரு விஷயத்தைத் தொட்டு. பிறகு மௌனம் வரும், கிழமைக்கணக்கில். தினமும் எழுதிக் கேட்கச் சொல்லாதீர்கள். வேறு இடத்திலிருந்து இடம் கிடைத்து, பதில் சொல்லவேண்டிய நாள் நெருங்கினால் மட்டும் ஒரு தரம் கேட்கலாம். காத்திருப்புப் பட்டியலில் வைத்தாலும் உடைந்துபோகத் தேவையில்லை. அமெரிக்காவின் பட்டதாரிக் கல்லூரிகளின் பேரவை வைத்திருக்கும் ஏப்ரல் 15 என்ற ஒரு தீர்மானம் இருக்கிறது. அதில் கையொப்பமிட்ட பல்கலைக்கழகங்கள் நிதியுதவியோடு தரும் இடத்துக்கு அந்தத் திகதிக்கு முன்னர் பதில் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. அதனால் ஏப்ரல் முதல் பாதியில் மற்றவர்கள் விட்டுக்கொடுக்கிற இடங்கள் பட்டியலில் நிற்பவர்களுக்கு வரும். உங்கள் மகளுக்கு முந்தியே இடம் கிடைத்து "மார்ச்சுக்குள் சொல்லு" என்று அவசரப்படுத்தினால், அந்தத் தீர்மானத்தை மரியாதையாக நினைவுபடுத்தலாம்.

பிரித்தானியா, அவுஸ்திரேலியா என்று யோசித்தால் முறை வேறு. பிரித்தானியாவில் பல இடங்களில் புலமைப்பரிசிலுக்கு ஒரு குழுவின் முன்னால் சிறு உரையோடு நேர்முகம் இருக்கும். அவுஸ்திரேலியாவில் விண்ணப்பத்துக்கு முன்னமே மேற்பார்வையாளரை நேரே தேடிக் கேட்பது வழக்கம்.

இப்போது அந்தக் கண்காட்சி. அது முகவர்களின் நிகழ்ச்சி. மாணவர் சேர்ந்தால் பல்கலைக்கழகம் முகவருக்குத் தரகு கொடுக்கும், அதில் தப்பில்லை, அதுதான் அவர்கள் தொழில். ஆனால் அவர்கள் தருவது பெரும்பாலும் நீங்கள் பணம் கட்டிப் படிக்கிற இளமாணி, முதுமாணி இடங்கள். அமெரிக்காவில் விஞ்ஞானக் கலாநிதிப் படிப்புக்குப் பெரும்பாலும் கட்டணத்தையும் பல்கலைக்கழகமே ஏற்று, மாதம் ஒரு தொகையும் தரும். அதற்கு முகவர் தேவையேயில்லை. தம்பிக்கு முதுமாணி பார்க்கிறீர்கள் என்றால் போய்ப் பாருங்கள். அங்கேயே கையொப்பம் வைக்காமல், "உங்களுக்குப் பணம் தருவது யார்? விண்ணப்பித்து இடம் கிடைக்காவிட்டால் கட்டிய காசு திரும்பி வருமா?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மகளுக்கு என்றால் அந்தச் சனிக்கிழமையைப் பழகுவதற்கு விடுங்கள். இலவசமாக ஆலோசனை வேண்டுமென்றால் கொழும்பில் அமெரிக்க-இலங்கை புல்பிரைட் ஆணைக்குழுவில் கேட்கலாம்.

வீசாவுக்கான நேர்முகமும் இதுவும் ஒன்றா என்று அப்பா கேட்டாராம். இல்லை. அது இடம் உறுதியாகி, பல்கலைக்கழகம் ஐ-20 என்ற, மாணவர் வீசாவுக்கு வேண்டிய படிவத்தை அனுப்பிய பிறகு கொழும்புத் தூதரகத்தில் சில நிமிடம் நடப்பது. யார் செலவு பார்ப்பது, படித்து முடித்து என்ன செய்வாய் என்பவைதான் அங்கே. இப்போதே அதற்கு வங்கிக் கணக்கைத் தேட வேண்டாம்.

இம்முறை கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பது உங்கள் கடைசிக் கேள்வி. ஒருங்கிணைப்பாளரிடம் விண்ணப்பத்தில் எதைச் சரிசெய்யலாம் என்று எழுதிக் கேட்கட்டும், சிலர் சொல்வார்கள், சிலர் சொல்லமாட்டார்கள். கம்பஸில் தற்காலிக விளக்குநர் வேலை கிடைத்தால் எடுத்து, அந்தக் கிணற்று ஆய்வை ஒரு கட்டுரையாக்கி, அடுத்த டிசம்பரில் மறுபடி விண்ணப்பிக்கலாம். விண்ணப்பக் கட்டணம் சுமையாக இருந்தால் விலக்குக் கேட்டுப் பார்க்கலாம், சில இடங்களில் தருவார்கள். அழைப்பு மின்னஞ்சலையும் அவளுடைய இரண்டு நிமிட உரையின் ஒலிப்பதிவையும் எனக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள். புதன்கிழமைக்குள் கேட்டுவிட்டுப் பதில் போடுகிறேன்.