ஒரு நூலிழை போதும்: பழந்துணிகளின் வயது பற்றி வாசகர் கேள்விகள்

கீழடி, சிவகளை பற்றிய செய்திகள் வந்ததிலிருந்து ‘கார்பன் தேதி’ என்ற சொல் எல்லோருக்கும் பழகிவிட்டது. ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருளில் கார்பன்-14 என்ற கார்பன் வகை எவ்வளவு சிதைந்து குறைந்திருக்கிறது என்று பார்த்து வயது சொல்லும் முறை அது. பேச்செல்லாம் கரியையும் நெல்மணியையும் சுற்றித்தான். துணியைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. இந்த முறை வந்த கேள்விகளில் துணி பற்றியவை மட்டும் இங்கே.

கே: வயது பார்க்க எவ்வளவு துணியை வெட்ட வேண்டும்? அருங்காட்சியகங்கள் எப்படிச் சம்மதிக்கின்றன?

இன்றைக்கு ஒரு சிறு நூல்துண்டு போதும். பருத்தியிலும் ஆளிநாரிலும் எடையில் 40 சதவீதத்துக்கு மேல் கார்பன்தான். ஏ.எம்.எஸ். எனப்படும் முடுக்கி முறையில் ஒரு மில்லிகிராம் கார்பன் கைக்கு வந்தால் நல்ல அளவீடு கிடைக்கும். அமிலத்திலும் காரத்திலும் கழுவும்போது கொஞ்சம் கரைந்து போகும் என்பதால் ஆய்வகங்கள் 10, 20 மில்லிகிராம் கேட்பது வழக்கம்.

ஆரம்ப காலம் இப்படி இல்லை. இந்த முறையைக் கண்டுபிடித்த வில்லர்ட் லிபி, சாக்கடல் அருகே கும்ரான் குகையில் பழைய யூத எழுத்துகள் கொண்ட தோல் சுருள்களைச் சுற்றியிருந்த லினன் (ஆளிநார்) துணியை 1950-களின் தொடக்கத்தில் சோதித்தார். கார்பன்-14 அணுக்கள் சிதையும்வரை காத்திருந்து எண்ணும் முறை அது, அதனால் கிராம் கணக்கில் கார்பன் தேவைப்பட்டது. கிடைத்த விடை கி.பி. 33, கூடவோ குறையவோ 200 ஆண்டுகள். இன்று பார்த்தால் அகலமான விடைதான். ஆனால் அந்தச் சுருள்கள் இடைக்காலத்தவை என்று வாதாடியவர்கள் அப்போது இருந்தார்கள். அவர்கள் வாதத்தை அசைக்க அதுவே போதுமானதாக இருந்தது. 1977-க்குப் பிறகு வளர்ந்த முடுக்கி முறை, சிதைவுக்குக் காத்திருக்காமல் அணுக்களை நேரடியாகவே எண்ணிவிடுகிறது. அருங்காட்சியகங்கள் மனம் இறங்கியது அதன் பிறகுதான்.

கே: கிடைக்கும் தேதி துணி நெய்யப்பட்ட ஆண்டா, உடுத்திய ஆண்டா, புதைத்த ஆண்டா?

மூன்றும் இல்லை. செடி உயிரோடு இருந்து காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொண்ட பருவம். அறுவடை ஆனதும் கணக்கு நின்றுவிடும். துணிக்கு இது பெரிய வசதி. ஒரு உத்தரத்தின் நடுப்பகுதி, அந்த மரம் வெட்டப்படுவதற்கு 200 வருடம் முன்பே வளர்ந்ததாக இருக்கலாம். பருத்தியும் ஆளியும் ஒரு பருவத்துப் பயிர்கள். பஞ்சு நூலாகி, நூல் துணியாக ஓரிரு வருடம் ஆகலாம், அவ்வளவுதான். பட்டும் அப்படியே: புழு தின்றது அந்த வருடத்து இலையை.

ஆனால் நெய்த பிறகு அந்தத் துணி எத்தனை தலைமுறை புழங்கியது என்பதைக் கார்பன் சொல்லாது. அதைத் துணியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எகிப்தின் தார்கான் சட்டை இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது. தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி 1913-இல் அங்கே ஒரு கல்லறையில் அழுக்கு லினன் மூட்டை ஒன்றை எடுத்தார். அது லண்டனுக்குப் போய்ப் பிரிக்கப்படாமலே கிடந்தது. 1977-இல் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் பராமரிப்புக் கூடத்தில் அதைச் சுத்தம் செய்தபோது, உள்ளிருந்து மடிப்பு மடிப்பாகக் கைகள் தைத்த, கழுத்து ‘வி’ வடிவில் திறந்த சட்டை ஒன்று வெளியே வந்தது.

கல்லறை முன்பே கொள்ளை போயிருந்தது. அதனால் மூட்டையின் வயதைக் கல்லறையின் வயதோடு ஒட்டிப் பேச முடியவில்லை. 2015-இல் ஆக்ஸ்போர்டில் 2.24 மில்லிகிராம் இழையை மட்டும் எடுத்து அளந்தார்கள். கி.மு. 3482-க்கும் 3102-க்கும் இடைப்பட்டது என்று விடை வந்தது, 95 சதவீத உறுதியோடு. எகிப்தின் முதல் அரச மரபு தொடங்கும் காலத்தை ஒட்டியோ, அதற்குச் சற்று முன்போ விளைந்த நார் அது. யாரோ அதை உண்மையாகவே உடுத்தினார்கள் என்பதற்குச் சாட்சி வேறு இடத்தில் இருந்தது. முழங்கையிலும் அக்குளிலும் சுருக்கங்கள் அப்படியே இருந்தன. தலைவழியே உருவிக் கழற்றியது போல உள்புறம் வெளியே திரும்பியிருந்தது. எந்திரமும் கண்ணும் சேர்ந்தால்தான் ஒரு துணியின் கதை வரும் என்பது என் உறுதியான எண்ணம்.

கே: இயேசுவின் உடலைச் சுற்றியது என்று பலர் நம்பும் டூரின் துணியின் சோதனை தவறு என்று இன்னும் சொல்கிறார்களே?

1988 ஏப்ரலில் அந்தத் துணியின் ஒரு மூலையிலிருந்து ஒரு கீற்று வெட்டி அரிசோனா, ஆக்ஸ்போர்ட், ஜூரிச் என்று மூன்று ஆய்வகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். வயது முன்பே தெரிந்த வேறு துணிகளையும் கூடவே அளக்கச் சொன்னார்கள். அவற்றின் விடைகள் சரியாக வந்தன. டூரின் துணிக்கு வந்தது கி.பி. 1260 முதல் 1390 வரை. அது முதன்முதலில் ஆவணங்களில் தலைகாட்டுவதும் 14-ஆம் நூற்றாண்டு பிரான்சில்தான்.

பின்னால் ஏறிய அழுக்கு தேதியை இளமையாக்கிவிட்டது என்பது அடிக்கடி கேட்கும் வாதம். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டாயிரம் வருடப் பழைய துணியில் ஒரு சதவீதம் புதுக் கார்பன் ஏறினால் தேதி சுமார் 20 வருடம்தான் நகரும். முதல் நூற்றாண்டுத் துணி 14-ஆம் நூற்றாண்டாகத் தெரிய வேண்டுமானால், அளந்த கார்பனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பிற்காலத்தது என்றாக வேண்டும். கழுவிச் சுத்தம் செய்த பிறகும் அவ்வளவு அழுக்கு மிஞ்சாது.

ஒரு குறை நியாயமானது. மூன்று ஆய்வகங்களுக்கும் ஒரே மூலையிலிருந்து எடுத்திருக்கக் கூடாது. இரண்டு மூன்று இடங்களில் எடுத்திருந்தால், அந்த மூலை ஒட்டுப்போட்டது என்ற பேச்சுக்கே இடம் இருந்திருக்காது. விடையை நான் ஏற்கிறேன். மாதிரி எடுத்த விதத்தைப் பின்பற்ற வேண்டாம் என்றுதான் மாணவர்களிடம் சொல்வேன்.

கே: எங்கள் வீட்டில் கொள்ளுப்பாட்டியின் கூறைப்புடவை இருக்கிறது. 150 வருடப் பழசு என்கிறார்கள். சோதிக்கலாமா?

வேண்டாம், புடவையை வெட்டாதீர்கள். ஏறத்தாழ 1650 முதல் 1950 வரையிலான காலம் இந்த முறைக்கு ஒத்துவராது. காற்றில் கார்பன்-14 ஏறி இறங்கிக்கொண்டே இருந்த காலம் அது. போதாததற்கு நிலக்கரிப் புகையும் கலந்தது. 1700 என்றும் வரும், 1850 என்றும் வரும், 1920 என்றும் வரும்.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரியும். அணுகுண்டுச் சோதனைகளால் 1963 வாக்கில் வட அரைக்கோளத்துக் காற்றில் கார்பன்-14 கிட்டத்தட்ட இரட்டிப்பானது. 1955-க்குப் பிறகு விளைந்த இழை என்றால் ஆய்வகம் உடனே சொல்லிவிடும். பழைய துணி என்று புதுசை விற்பவர்களைப் பிடிக்க இது உதவும். உங்கள் புடவைக்குச் சரிகையையும் சாயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். செயற்கைச் சாயம் 1856-இல்தான் முதலில் வந்தது. அது தெரிந்தால் புடவை அதற்குப் பிந்தியது.

கே: கீழடியில் தக்களி கிடைக்கிறது, துணி மட்டும் ஏன் கிடைப்பதில்லை?

நம் மண்ணும் மழையும்தான் காரணம். ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வரும் இடத்தில் நுண்ணுயிர்கள் பருத்தியை விட்டுவைக்காது. எகிப்திலும் பெரு நாட்டுக் கடலோரத்திலும் வறண்ட மணல் காப்பாற்றியது. பெருவில் ஹுவாகா பிரியேட்டாவில் அவுரி நீலம் தோய்த்த பருத்தித் துணி ஏறக்குறைய 6000 வருடம் தாங்கியிருக்கிறது.

நம் பக்கத்தில் துணியைக் காப்பது உலோகம். மொகஞ்சதாரோவில் வெள்ளிக் கலம் ஒன்றின் மேல் சுற்றியிருந்த பருத்தி, வெள்ளியின் உப்பு ஊறியதால் பிழைத்தது. பலுசிஸ்தானத்து மெஹர்கரில் ஒரு செம்பு மணியின் துளைக்குள் பருத்தி நூல் இருந்தது. கி.மு. 6-ஆம் ஆயிரத்தாண்டு என்கிறார்கள். அது மண் அடுக்கை வைத்துச் சொன்ன தேதி. செம்புத் துரு இழைக்குள் ஊறி ஊறி அதன் இடத்தையே பிடித்துக்கொள்ளும்போது, இழையின் உருவம் நிற்கும், கார்பன் போய்விடும். நுண்ணோக்கியில் பருத்தி என்று தெரியும். தேதி போட ஒன்றும் மிஞ்சாது. அதனால் இரும்பு, செம்புப் பொருள்களின் துருவைச் சுரண்டும் முன் நெசவுத் தடம் தெரிகிறதா என்று ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

நாட்டுக்குள் அழிந்த நம் துணி வெளியூரில் கிடைக்கிறது. எகிப்தின் பழைய செங்கடல் துறைமுகமான பெரெனிகேயின் குப்பை மேடுகளில் இந்தியப் பருத்தி வந்திருக்கிறது. தமிழ்-பிராமி எழுதிய பானை ஓடும் அதே ஊரில் கிடைத்தது. எகிப்தில் ஆளிநாரை ‘எஸ்’ பக்கம் முறுக்குவார்கள், இந்திய நூல் ‘இசட்’ பக்கம் முறுக்கியிருக்கும்; முறுக்கின் சாய்வு அந்த ஆங்கில எழுத்தின் நடுக்கோட்டைப் போல இருப்பதால் இந்தப் பெயர்கள். ஒரு லென்ஸ் இருந்தால் இந்த வித்தியாசத்தைப் பார்த்துவிடலாம். ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ள குஜராத் அச்சுத் துணிகள் கெய்ரோ பக்கம் கடைகளில் வாங்கியவை. எந்தக் குழி, எந்த அடுக்கு என்று எதுவும் தெரியாது. அவற்றுக்குக் கார்பன் தேதியே பெரிய துணை. சில துண்டுகள் எதிர்பார்த்ததைவிடப் பல நூற்றாண்டு மூத்தவை என்று அதனால்தான் தெரிந்தது.

கீழடி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அளந்த எண்ணை நாள்காட்டி ஆண்டாக மாற்ற உதவும் வரைகோட்டைத் திருத்தக் கோடு என்பார்கள்; கி.மு. 800 முதல் 400 வரை அது ஏறக்குறைய தட்டையாகக் கிடக்கிறது. அந்தக் காலத்து இழையோ கரியோ எதை அளந்தாலும் விடை அகலமாகத்தான் வரும். 353 செ.மீ. ஆழத்துக் கரிக்கு வந்த கி.மு. 580 என்ற எண்ணையும் அதற்குரிய எல்லைகளோடு சேர்த்துப் படிப்பதே அந்த உழைப்புக்கு நாம் செய்யும் மரியாதை.

கே: தொல்லியல் மாணவி நான். அகழாய்வில் துணி கிடைத்தால் முதலில் என்ன செய்வது?

கழுவாதீர்கள், பசை தடவாதீர்கள். தொல்பொருள்களைக் கெட்டிப்படுத்தப் பூசும் பல பிசின்கள் பெட்ரோலியத்திலிருந்து வருபவை. அவற்றில் கார்பன்-14 கிடையாது. அப்படிப்பட்ட கார்பன் ஒரு சதவீதம் ஒட்டியிருந்தாலே துணி 80 வருடம் கூடுதல் பழசாகத் தெரியும், அது எந்தக் காலத்தது ஆனாலும். மம்மிகளைச் சுற்றிய துணியில் நிலக்கீல் ஊறியிருந்தாலும் இதே தொல்லைதான். ஆகவே பாதுகாப்புப் பூச்சுக்கு முன்பே இரண்டு மூன்று இழைகளை இடுக்கியால் எடுத்து அலுமினியத் தாளில் மடித்து வையுங்கள். பஞ்சில் வைக்க வேண்டாம், இன்றைய இழை கலந்துவிடும். பட்டு, கம்பளி என்று சந்தேகம் இருந்தால் ஆய்வகத்திடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பருத்திக்குப் பயன்படுத்தும் காரம் அவற்றைக் கரைத்துவிடும். பாவு, ஊடை இரண்டிலிருந்தும் தனித்தனியாக எடுத்தால் இன்னும் நல்லது.

டெல்லியின் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்திலும், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்திலும் இந்த வசதி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டியதில்லை.

அறிக்கை எழுதும்போது திருத்திய தேதியை மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். ஆய்வக எண், திருத்தாத அளவீடு, அதன் பிழை வரம்பு மூன்றையும் அச்சிடுங்கள். திருத்தக் கோடு 2013-இல் ஒரு முறை, 2020-இல் ஒரு முறை என்று புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. மூல எண் இருந்தால் பின்னால் வருபவர் மறுபடி ஓர் இழையை வெட்டாமலே கணக்கைப் புதுப்பித்துக்கொள்வார்.