நடவுக்கு ஆள் இல்லை

அன்புள்ள ஐயா,

மன்னார்குடி பக்கத்தில் எங்களுக்கு ஒரு வேலி, அதாவது ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், நிலம். அப்பா காலத்தில் முதல்நாள் மாலை தெருவுக்குச் சொல்லி அனுப்பினால் மறுநாள் காலையில் நடவு ஆள் வயலில் நிற்கும். இப்போது ஏஜெண்டிடம் முன்பணம் கொடுத்துவிட்டு மேற்கு வங்க ஆட்களுக்காகக் காத்திருக்கிறேன். நூறு நாள் வேலைதான் ஜனங்களைச் சோம்பேறியாக்கிவிட்டது என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். அதை நிறுத்தினால் பாதிப் பிரச்சினை தீராதா?

க., மன்னார்குடி

அன்புள்ள க.,

தீராது. அந்தத் திட்டம் உங்கள் மாவட்டத்துக்கு வந்தது 2007இல். அறுவடை மிஷின் அதற்கு முன்பே டெல்டாவில் இறங்கிவிட்டது. வயலை விட்டு ஆட்களை வெளியே கொண்டுபோனவை பள்ளிக்கூடமும் திருப்பூரும் சிங்கப்பூரும். அப்பாவை வரப்பில் நிற்கவைத்துப் பேசியதைப் பார்த்து வளர்ந்த பையன், அதே வெயிலில் சென்னையில் கம்பி கட்டப் போகிறான். அவனைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெளியூர் ஆளை இறக்குவதும் உங்கள் பகுதிக்குப் புதிதல்ல. 1968இல் கீழத்தஞ்சையில் விவசாயக் கூலிகள் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டபோது மிராசுதார்கள் வெளியாட்களைக் கொண்டுவந்தார்கள். அந்தத் தகராறுதான் கீழ்வெண்மணியில் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை எரித்ததில் போய் முடிந்தது. அன்று ஆள் நிறைய இருந்தும் அந்த நிலைமை. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் வயலுக்குத் திரும்பவில்லையே என்று நாம் குறைப்படுவது நியாயமா?

இந்த இருபது வருடத்தில் விவசாயி, கூலியாள் இரண்டு தரப்பும் ஏகமாக மாறிவிட்டன. நாள் கூலி போய் ஏக்கர் கணக்கு வந்துவிட்டது. வங்காளத்துக் குழுவுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று பேச்சு, சீக்கிரம் முடித்தால் அடுத்த வயல். உள்ளூர்ப் பெண்கள் சிலரும் இப்படிக் குழு சேர்ந்து காண்ட்ராக்ட் பேசுகிறார்கள். வேலை மதியத்தோடு முடிய வேண்டும், அழைத்துப்போக வண்டி வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். விவசாயி நேரடி விதைப்புக்கு மாறுகிறார். நாற்றும் இல்லை, நடவும் இல்லை. ஆனால் களை மண்டுகிறது, களைக்கொல்லி அடிக்க வேண்டியிருக்கிறது. நடவு மிஷின் வேண்டுமென்றால் பாய் மாதிரி சுருட்டி எடுக்கும்படி நாற்றங்கால் போட வேண்டும், வயலைச் சமமாக்க வேண்டும். தை அறுவடையில் மழை பிடித்துக்கொண்டால் டயர் வைத்த அறுவடை மிஷின் சேற்றில் புதையும். பெல்ட் மிஷினுக்கு வாடகை கூடுதல்.

இதில் யாரும் பேசாத ஒரு கூட்டம் உண்டு. ஊரை விட்டுப் போக முடியாத, ஐம்பது தாண்டிய பெண்கள். நடவு, களையெடுப்பு, அறுவடை மூன்றும் அவர்கள் கையில் இருந்தவை. களத்தில் கூலியாக அளந்த நெல்தான் அந்த வீடுகளில் பல மாதச் சாப்பாடு. மிஷின் வந்ததும் அது நின்றது, களைக்கொல்லி வந்ததும் களையெடுப்பு நின்றது. நடவு நடக்கும் அந்தச் சில நாட்களில் மட்டும் ஆள் இல்லை என்கிறோம், மற்ற மாதங்களில் அவர்களுக்கு வேலை இல்லை. அப்போது அடுப்பு எரிவது நூறு நாள் வேலையில்தான். அதை நிறுத்தச் சொல்வது கொடுமை என்று நினைக்கிறேன்.

உங்கள் கஷ்டம் தெரியாமல் சொல்லவில்லை. 2025-26இல் சாதாரண ரக நெல்லுக்குக் கொள்முதல் நிலையத்தில் குவிண்டால் 2,500 ரூபாய். பனியன் கம்பெனிக்காரர் கூலி ஏறினால் கொஞ்சமாவது விலையில் ஏற்றப் பார்ப்பார். உங்களுக்கு அந்த வழியே கிடையாது. சண்டை போட வேண்டிய இடம் கொள்முதல் விலை. அப்புறம், வேளாண் பொறியியல் துறையின் மிஷின்கள் அறுவடை நேரத்தில் போதுமான அளவு ஊருக்கு வரவேண்டும் என்று கேட்க வேண்டும்.

உங்கள் கையில் இருப்பது ஒன்று உண்டு. வங்காளத்துக் குழுவுக்குத் தரும் அதே ஏக்கர் ரேட்டை உள்ளூர்ப் பெண்கள் குழுவிடம் பேசிப் பாருங்கள். பெண் கூலி என்று குறைக்காமல், தேதியை முன்னாடியே சொல்லி, ஏஜெண்டுக்குக் கொடுக்கும் முன்பணத்தை அவர்களிடமே கொடுத்துப் பாருங்கள். வங்காளத்திலிருந்து வருகிறவர்களைக் கூப்பிட்டாலும் சரி, மோட்டார் கொட்டகையில் படுக்க வைக்காமல் கழிப்பறையோடு ஒரு இடம் ஏற்பாடு செய்யுங்கள். நல்ல இடம் தேடி அவர்களும் நகர்ந்துவிடுவார்கள், உள்ளூர்ப் பையன்கள் போனதைப் போலவே.