விமான நிறுவனம் விழுந்தால் மகளின் படிப்பு என்னாகும்? பட்டர்வொர்த் தாயார் ஒருவருக்குப் பதில்

வணக்கம் அம்மா. எஸ்பிஎம் (மலேசிய இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) முடித்த உங்கள் மகளுக்கு விமானப் பராமரிப்பு டிப்ளோமாவில் இடம் கிடைத்திருக்கிறது. உறவினர்களோ, "மாஸ் பட்ட பாட்டைப் பார்த்த பிறகுமா?" என்கிறார்கள். என் கருத்து, இடத்தை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் சிலவற்றைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

உறவினர்கள் பயப்படுவதில் நியாயம் உண்டு. மலேசியாவின் தேசிய விமான நிறுவனமான மாஸ் ஏற்கெனவே நட்டத்தில் இருந்தது. 2014இல் எம்எச்370, எம்எச்17 விமானங்கள் என ஒரே ஆண்டில் இரண்டு பேரிழப்புகள். அதன் உரிமையாளரான அரசு முதலீட்டு நிறுவனம் கசானா 600 கோடி வெள்ளியில் (ரிங்கிட்) மீட்புத் திட்டம் அறிவித்தபோது, சுமார் 20,000 ஊழியர்களில் 6,000 பேர் போக வேண்டியிருக்கும் என்றது. 2015 செப்டம்பர் 1 முதல் புதிய நிறுவனம் பொறுப்பேற்றது. மக்கள் வரிப்பணத்தைக் கொட்டாமல் இழுத்து மூடுங்கள் என்று ஒரு சாரார் சொன்னார்கள். தேசிய விமான நிறுவனத்தைக் கைவிடக் கூடாது என்று இன்னொரு சாரார். இரண்டு குரலும் நிறுவனத்தைப் பற்றியவை. வேலை போன பிறகு ஊழியர் கையில் என்ன மிஞ்சும் என்பதற்கு இரண்டிலும் பதில் இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது அதைத்தான்.

சுவிட்சர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2001 அக்டோபர் 2 அன்று, எரிபொருளுக்குக் கட்டப் பணமில்லாமல் சுவிஸ்ஏர் விமானங்கள் தரையிலேயே நின்றன. கடன் தர மறுத்த வங்கிகள்மீது மக்களின் கோபம் திரும்பியது. அடுத்த ஆண்டு அந்த நிறுவனமே இல்லாமல் போனது. ஆனால் அதே குழுமத்தைச் சேர்ந்த எஸ்ஆர் டெக்னிக்ஸ் பராமரிப்பு நிறுவனம், சுவிஸ்போர்ட் தரைச்சேவை, கேட் கூர்மே உணவுப் பிரிவு மூன்றும் வேறு உரிமையாளர்களிடம் போய்த் தொடர்ந்தன. அவற்றிடம் வேலை கொடுக்க மற்ற விமான நிறுவனங்களும் இருந்தன. மேலும், குத்தகைக்கு எடுத்த விமானத்தைத் திருப்பிக் கொடுப்பதென்றாலும், சும்மா நிறுத்தி வைப்பதென்றாலும், அதைச் சோதித்து, விமானப் பராமரிப்பு லைசென்ஸ் உள்ள ஒருவர் கையெழுத்திட வேண்டும். நிறுவனம் விழும் நேரத்திலும் அந்தக் கையெழுத்துக்குத் தேவை இருக்கும்.

ஆகவே டிப்ளோமாவைவிட லைசென்ஸ்தான் முக்கியம். பல குடும்பங்கள் ஏமாறுவது இங்கேதான். எம்கியூஏ (மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனம்) தரும் அங்கீகாரம் படிப்புக்கு உரியது. லைசென்ஸுக்கு உதவுவது, மலேசியச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமான காம் பயிற்சி நிறுவனங்களுக்குத் தரும் பார்ட் 147 அங்கீகாரம். அது எந்தப் பிரிவுக்கு என்பதையும் பாருங்கள். பி1.1 என்றால் ஜெட் விமானத்தின் எந்திரமும் உடற்பகுதியும். பி2 என்றால் மின்னணுக் கருவிகள். எளிய பராமரிப்பு வேலைகளுக்கான ஏ பிரிவுக்கு மட்டும் அங்கீகாரம் வைத்துக்கொண்டு பி1.1 பற்றிப் பேசும் இடங்களில் எச்சரிக்கையாக இருங்கள். அங்கீகாரமுள்ள அடிப்படைப் பயிற்சிக்குப் பிறகு பி1.1 லைசென்ஸுக்கு 2 ஆண்டு அனுபவம் போதும். அது இல்லாவிட்டால் 5 ஆண்டு வரை போகலாம். ஒவ்வொரு தேர்வுத் தாளிலும் 75 விழுக்காடு எடுத்தால்தான் தேர்ச்சி. ஏவியேஷன் மேனேஜ்மென்ட் டிப்ளோமா வேறு. அதில் லைசென்ஸ் கிடையாது.

அடுத்தது, அந்த அனுபவத்துக்குச் சான்றான பதிவேடு. செய்த ஒவ்வொரு வேலைக்கும் தேதி, விமான வகை, பதிவெண், வேலை விவரம், சான்றளித்த பொறியாளரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதுதான் பயிற்சியாளர்களின் வழக்கம். நிறுவனம் மூடியதும் அந்தப் பொறியாளர்கள் ஆளுக்கொரு நாட்டுக்குப் போய்விடுவார்கள், ஆவணங்கள் கலைப்பு அதிகாரியிடம் போய்விடும். பிறகு இரண்டு வருட உழைப்புக்குச் சான்றே இருக்காது. வாராவாரம் கையெழுத்து வாங்கி, நகலை வீட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

கல்லூரியிடம் எழுத்துமூலமாகக் கேளுங்கள்: தொழிற்பயிற்சி எங்கே? ஒரே விமான நிறுவனத்தின் பராமரிப்புக் கொட்டகையை (ஹேங்கர்) மட்டும் நம்பியிருந்தால், அது நின்றால் மாற்று இடம் எது? கோலாலம்பூர் அருகே சுபாங்கிலும் சிப்பாங்கிலும் பல பராமரிப்பு நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றில் எதனுடன் ஒப்பந்தம் உண்டு? பினாங்கை விட்டு வர மனமில்லை என்றால் பி2 பொருந்தும். பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஹனிவெல் விமான மின்னணுத் தொழிற்சாலை உட்பட மின்னணு ஆலைகள் நிறைய உண்டு. சேர்வதற்கு முன்பே நிறக்குருடு பரிசோதனை செய்துவிடுங்கள். கட்டணம் கட்டிய பிறகு அது தெரியவந்தால் பணம் திரும்புவது கடினம்.

உங்கள் தம்பி மகன் விமானி ஆக விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்குத் தயக்கம் அதிகம். வணிக விமானி உரிமத்துக்கே 3 லட்சம் வெள்ளிக்கு மேல் ஆகிறது, குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சிக்குத் தனியாகக் கட்ட வேண்டும். ஒரு நிறுவனம் விழுந்தால் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த விமானிகள் ஒரே நாளில் வேலை தேடுவார்கள். 200 மணி நேரம் பறந்த பையன் அவர்களோடு மோத வேண்டும். காத்திருக்கும் காலத்திலும் மருத்துவச் சோதனைக்கும் உரிமச் சோதனைகளுக்கும் செலவு ஓயாது. வீட்டை அடகு வைத்து மட்டும் இதில் இறங்க வேண்டாம்.

தரைச்சேவையில் இருக்கும் உங்கள் மூத்த மகனுக்கு: ஊழியர் சேமநிதிக் கணக்கை மாதாமாதம் பார்க்கச் சொல்லுங்கள். சந்தா விழாமல் போவதும் சம்பளம் தாமதமாவதும்தான் முதல் அறிகுறி. ஆட்குறைப்பு நேரத்தில் "ராஜினாமா கடிதம் கொடுங்கள்" என்றால் கொடுக்கக் கூடாது. சொந்த விருப்பத்தில் விலகியவருக்குப் பெர்கேசோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலைவாய்ப்புக் காப்புறுதி கிடையாது; ஆட்குறைப்பு, நிறுவனமே இழப்பீடு கொடுத்து அனுப்பும் விஎஸ்எஸ் திட்டம், நிறுவன மூடல் ஆகியவற்றுக்கு உண்டு. வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். காப்புறுதி செய்த சம்பளத்தில் முதல் மாதம் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, அடுத்த இரண்டு மாதங்கள் 40, கடைசி இரண்டு மாதங்கள் 30 என ஆறு மாதம் வரை கிடைக்கும். சந்தா கட்டிய காலத்தைப் பொறுத்து மாதங்கள் குறையலாம்.

மகளின் சேர்க்கைக் கடிதத்தையும், கல்லூரியின் பார்ட் 147 சான்றிதழ் நகலையும் அனுப்பி வையுங்கள். அங்கீகாரம் எந்தப் பிரிவுக்கு, எதுவரை செல்லும் என்பதைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை முன்பணம் கட்ட வேண்டாம்.