டம்ளரைத் தூக்கிக்கிட்டு பின்னாடி ஓடாதீங்க

கத்திரி வெயில்ல பிள்ளைங்களைத் தண்ணி குடிக்க வைக்கிறது பத்தின கேள்விகளுக்கு, டெல்டா கிராமங்கள்ல வேலை பார்த்து ஓய்வுபெற்ற சுகாதார செவிலியர் பதில் சொல்றாங்க.

கும்பகோணம்: சிஸ்டர், பொண்ணுக்கு ரெண்டரை வயசு. தண்ணின்னா மூஞ்சியைத் திருப்பிக்கிறா, பால்தான் கேக்குறா. நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணி கட்டாயமாமே?

யாரும்மா சொன்னது? ஒரு வயசுலேர்ந்து மூணு வயசு வரைக்கும் பால், ரசம், பழம், சோத்துல உள்ள நீர் எல்லாம் சேர்த்தே சுமார் 1.3 லிட்டர்தான். முதல்ல பாலை அரை லிட்டருக்குள்ள நிறுத்துங்க. அதுக்கு மேல போனா சோறும் இறங்காது, தண்ணியும் இறங்காது, ரத்தசோகையும் வரலாம். டம்ளரை எண்ணாதீங்க, மூத்திரத்தைப் பாருங்க. இளமஞ்சளா அடிக்கடி போனா கவலையில்லை. அடர்மஞ்சளா, வாடையா இருந்தா தண்ணி பத்தலை. கைக்கு எட்டுற இடத்துல சின்ன சொம்புல தண்ணி வைங்க. அவளே ஊத்திக் குடிக்கட்டும். சிந்தத்தான் செய்வா, துடைச்சுக்கலாம். நீங்க குடிக்கும்போது அவ பார்க்குற மாதிரி குடிங்க.

திருவாரூர்: பேரனுக்கு நாலு மாசம். வெக்கை தாங்கலை, ஒரு பாலாடை தண்ணி குடுக்கவா?

வேணாம்மா. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும். அதுல பெரும்பங்கு தண்ணிதானே! அடிக்கடி பால் குடுக்கச் சொல்லி, மருமகளுக்கு நீங்க தண்ணி குடுங்க.

வேதாரண்யம்: எங்க தண்ணி உப்பு கரிக்கும். நாலு வயசுப் பையன் துப்புறான். காய்ச்சிக் குடுத்தும் பார்த்தாச்சு. சர்பத் கலக்கலாமா?

அவன் நாக்கு மேல தப்பில்லை தம்பி. காய்ச்சினா கிருமி சாகும், உப்பு போகாது, தண்ணி வத்த வத்த கூடத்தான் செய்யும். கொள்ளிடத்துக் கூட்டுக் குடிநீர் வர்றப்ப பிடிச்சு, காய்ச்சி ஆறவச்சு, மூடி போட்ட மண்பானையில அவனுக்குன்னு தனியா வைங்க. கொஞ்சம் சீரகம் போட்டுக் கொதிக்க வச்சாலும் ருசி மாறும். சர்பத் பழகினா அப்புறம் வெறும் தண்ணி பக்கமே போகமாட்டான். வெள்ளரிப்பிஞ்சு, தர்பூசணி, உப்புக் கம்மியா நீர்மோர் எல்லாம் கணக்குல சேரும். நுங்கை மட்டும் முழுசா குடுக்காதீங்க, பொடியா நறுக்கிக் குடுங்க.

மன்னார்குடி: யூகேஜி படிக்கிறா. பாட்டில் கொண்டுபோன மாதிரியே திரும்பி வருது.

மூடியை அவளால திறக்க முடியுதான்னு பாருங்க. அதைவிட முக்கியம், பள்ளிக்கூடக் கழிப்பறை. அங்க போகப் பயந்து, அருவருத்து குடிக்காமலே இருக்குற பிள்ளைங்களை நிறையப் பார்த்திருக்கேன். மலச்சிக்கல், மூத்திரக் கடுப்பு எல்லாம் அதுல வர்றதுதான். வீட்டுக்கு வந்ததும் அதட்டாம கேளுங்க, டீச்சர்கிட்டயும் பேசுங்க. கேரளப் பள்ளிகள்ல தண்ணி குடிக்கவே 2019ல மணி அடிக்க ஆரம்பிச்சாங்க. அது மாதிரி மணியடிச்சு, கழிப்பறைக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்க.

மயிலாடுதுறை: டம்ளருக்கு ஒரு சாக்லேட்னு எங்க வீட்டுக்காரர் குடுக்குறார். வேலை செய்யுது!

சாக்லேட் தீர்ற வரைக்கும் செய்யும். பல்லு?

சீர்காழி: ஒண்ணரை வயசு. நேத்துலேர்ந்து பேதி. ஓஆர்எஸ் பாக்கெட்ல பாதியை ஒரு டம்ளர்ல கலந்து குடுக்கலாமா?

கூடாது. பாக்கெட் மேல எத்தனை மில்லி போட்டிருக்கோ அவ்வளவு தண்ணியில முழுசையும் கலக்கணும். பெரிய பாக்கெட்டுக்கு 1 லிட்டர், சின்னதுக்கு 200 மில்லி. கரண்டி கரண்டியா குடுங்க, வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டுத் திரும்பக் குடுங்க. கலந்தது 24 மணி நேரத்துக்கு மேல ஆகாது. கண்ணு குழி விழுந்தா, அழுதும் கண்ணீர் வரலைன்னா, ஆறு மணி நேரமா மூத்திரம் போகலைன்னா, துவண்டு கிடந்தா, இந்தப் பதிலைப் படிச்சுக்கிட்டு இருக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க, வழியிலயும் கரைசலைக் குடுத்துக்கிட்டே போங்க.